பார்த்தவர் ஒருவர்

என் அண்ணி படிக்காத பாடம் எங்கள் கல்லூரியில் கிடையாது. வேதியியல், வணிகச் சட்டம், செவிலியர் பயிற்சி, சரக்குக் கப்பல் நிர்வாகம் என்று இணையத்தில் நடக்கும் அத்தனை வகுப்பிலும் முதல் ஆளாக நுழைந்து, முதல் ஆளாகப் பரீட்சை எழுதி, முதல் ஆளாகத் தோற்றவர் அவர். எந்தக் கேள்வி வந்தாலும் யோசிக்காமல் முதல் விடையைத் தட்டுவார். நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ தேறும். ஒரு முறை உளவியலில் அறுபது வாங்கிவிட்டார். அன்றைக்கு வீட்டில் யாராலும் அவரோடு பேச முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு அவரை மாணவி என்று நினைக்க வேண்டாம். ஐம்பதை நெருங்குகிறார். ஆசிரியர்கள் கணினி வழியாக வகுப்பு நடத்துவதற்குக் கல்லூரி ஒரு தளம் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அறை. அறை என்றால் சுவரும் கதவும் இல்லை, திரையில் ஒரு பக்கம், அவ்வளவுதான். பாடம், காணொளி, பரீட்சை, மதிப்பெண் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆசிரியர்களோடு உட்கார்ந்து அந்த அறைகளை அமைத்துக் கொடுப்பது அண்ணியின் உத்தியோகம். அமைத்து முடித்ததும், மாணவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு பொய் மாணவர் பெயரில் உள்ளே போவார். நான் சொன்ன தோல்வித் திலகம் அந்தப் பொய் மாணவர்தான்.

நான் அதே கல்லூரியில் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் மாடி எனக்கு, கீழே அண்ணனும் அண்ணியும். சாப்பாடு ஒன்றாக. ஆக, அண்ணியை நான் ஆபீசிலும் பார்க்கிறேன், வீட்டிலும் பார்க்கிறேன். ஒரு நாத்தனாருக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

அண்ணியின் அறை நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு நகலெடுக்கும் இயந்திரம் நின்ற இடம். அந்த மை வாடை இன்னும் போகவில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, திறந்தால் மூடாத ஒரு ஜன்னல். வருகிற ஆசிரியர் கணினிக்கு முன்னால் உட்கார, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். இது அவருடைய பழக்கம். அடுத்தவர் மவுஸைத் தொட்டுவிடக் கூடாதாம். ஆசிரியர் வழி தெரியாமல் தவித்தாலும், கைதான் தொடைக்கு அடியில் நெளியுமே தவிர, வெளியே வராது.

"நீங்களே அமுக்கிக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல முடியுமே அண்ணி. எதுக்கு ஒரு மணி நேரம் உக்காந்து பொறுமையைக் காட்டறீங்க?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நான் அமுக்கினா யாரு கத்துக்குவாங்க? நான் கத்துக்குவேன். எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே!" என்பார்.

அந்த நாற்காலியில் உட்காராத ஆசிரியர் இல்லை. சட்டம் நடத்துபவர் பரீட்சைக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, கடவுச்சொல்லை மறந்து, தன் பரீட்சைக்குள் தானே போக முடியாமல் வந்து நின்றார். இயற்பியல்காரர் கையால் எழுதிய குறிப்புகளைப் படம் பிடித்து ஏற்றினார். அத்தனையும் பக்கவாட்டில் படுத்திருந்தன. பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்தார்கள். பொருளாதார ஆசிரியை போன வருஷ அறையை அப்படியே நகலெடுத்தார். தேதிகளும் சேர்ந்து வந்துவிட்டன. திறந்த நிமிஷமே வகுப்பு முழுவதும் ஒரு வருஷம் தாமதம் என்று தளம் எல்லோருக்கும் சைபர் போட்டுவிட்டது. அண்ணி யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். நான் மறுநாள் ஆபீசில் சொல்லிச் சிரிப்பேன்.

பழகுவதற்கென்று புது ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி அறை கொடுப்பார்கள். உண்மையான அறைக்குப் பிள்ளைகள் வருவார்கள். பயிற்சி அறைக்கு யாரும் வர மாட்டார்கள், அண்ணியின் பொய் மாணவரைத் தவிர. பயிற்சி அறையின் தலையில் சிவப்பு எழுத்தில் 'பயிற்சி' என்று போட வேண்டும் என்பது விதி. அண்ணி போடுவதில்லை. உண்மையான அறைக்கு என்ன பெயரோ, என்ன படமோ, அதையே பயிற்சி அறைக்கும் வைத்துவிடுவார். 'பயிற்சி' என்று பார்த்ததும் ஆசிரியர்கள் 'அ ஆ இ ஈ' என்று தட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்களாம். தன் வகுப்பு என்று நினைத்தால்தான் மனசு வைத்துச் செய்கிறார்களாம். இந்த யோசனை அவருக்குப் பெருமை. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் அண்ணியின் யோசனை எதுவுமே எனக்கு முதலில் பிடிக்காது என்பதால் என் பேச்சு எடுபடவில்லை.

இந்தப் பருவத்தில் புள்ளியியலுக்கு ஒரு புது ஆசிரியை வந்தார். முப்பது வயதிருக்கும். தற்காலிக வேலை, ஒரே ஒரு பருவத்துக்கு. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த பருவமும் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முந்தைய இரண்டு கல்லூரிகளிலும் ஒரு பருவத்தோடு அனுப்பிவிட்டார்களாம். இந்த வேலையும் போனால் ஆசிரியர் தொழிலையே விட்டுவிடுவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தார். அவருடைய வகுப்பு முழுக்க முழுக்க இணையத்தில். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிக்கும் நாற்பது பேர். ஆசிரியை வீட்டிலிருந்தே பாடத்தைப் பதிவு செய்து அறையில் போடுவார், பிள்ளைகள் அவரவர் நேரத்தில் பார்ப்பார்கள்.

அண்ணிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒரு தடவை சொன்னா போதும், கற்பூரம் மாதிரி பத்திக்கறாங்க. பயிற்சி அறையில தினம் ஒரு காணொளி போட்டுப் பாக்கறாங்க. எல்லாத்தையும் தயார் பண்ணிட்டுத்தான் பிள்ளைங்க பக்கம் கொண்டு போவாங்க போல. இவங்களைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்" என்று சாப்பாட்டு நேரத்தில் புகழ்வார். காலையில் ஆபீஸ் போனதும் பொய் மாணவராக எல்லாப் பயிற்சி அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவர் வழக்கம். புதுக் காணொளி ஏதாவது இருந்தால் கடைசி வரை ஓட விட்டு, நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். கோப்பையில் காப்பி, திரையில் காணொளி, காதோடு யாருடனாவது தொலைபேசி. அதுதான் அவருடைய காலைப்பொழுது.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் மாலை, சாப்பாட்டு மேஜையில் நான்தான் ஆரம்பித்தேன்.

"உங்க புள்ளியியல் மேடம் கதை நாளையோட முடிஞ்சுது அண்ணி."

"என்ன கதை?"

"வேலைதான். அடுத்த பருவத்துக்கு வேண்டாம்னு தலைவர் தாள் தயார் பண்ணிட்டார். நாளைக்குக் காலையில கூப்பிட்டிருக்கார். பிள்ளைங்க புகார் எல்லாம் எங்க பிரிவு வழியாத்தான் போச்சு. மூணு வாரமா ஒரு பாடம் போடல, கேட்டா பதிலும் இல்ல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "யாரைச் சொல்றே? அவங்களையா? தினம் ஒரு பாடம் போடறாங்க. தினம் காலையில என் கண்ணால பாக்கறேன்."

"என் கண்ணு மட்டும் என்ன பொட்டையா? புகார் வந்ததும் நானும் அந்த அறையைத் திறந்து பார்த்தேன். இன்னைக்கு மத்தியானம்தான். பாடப் பக்கத்துல ஈ காக்கா இல்ல. வெள்ளை வெளேர்னு கெடக்கு."

"உனக்கு அந்தத் தளத்துல சரியா பாக்கத் தெரியல."

"உங்களுக்குப் பிடிச்சவங்கன்னா குத்தமே தெரியாது."

பேச்சு தளத்திலிருந்து கிளம்பி, போன மாதம் உடைந்த கண்ணாடிக் கிண்ணத்துக்குப் போய், அங்கிருந்து என் கல்யாணப் பேச்சு முறிந்த காரணம் வரை போகப் பார்த்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரே பொருள் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரிவதுதான் அவருக்குப் பிழைப்பு. அதுவரை வாயைத் திறக்காமல் சாப்பிட்டவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே எடத்தைத்தான் பாக்கறீங்களா?"

அண்ணியின் முகம் மாறியது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முதலில் பயிற்சி அறையைத் திறந்தார். பாடங்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே 'பார்த்தவர்: 1'. நடு நடுவே ஆசிரியை எழுதிய, காணொளியை மட்டும் பார்த்துவிட்டுப் போன அண்ணி படிக்காமல் விட்ட குறிப்புகள். 'எல்லாருக்கும் வணக்கம்.' 'யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?' 'நான் வேகமாகப் போகிறேனா?' 'யாராவது இருக்கிறீர்களா?'

பிறகு உண்மையான அறையைத் திறந்தார். அதே பெயர், அதே படம். பாடம் ஒன்றுகூட இல்லை. கேள்விப் பகுதியில் மட்டும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். 'மேடம், வணக்கம்.' 'பாடம் எப்போது வரும்?' 'மேடம், இருக்கிறீர்களா?'

ஒரே பெயருள்ள இரண்டு அறைகள். இந்த அறையில் நின்றுகொண்டு அவர் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார், அந்த அறையில் நின்றுகொண்டு பிள்ளைகள் அவரைக் கூப்பிடுகிறார்கள். மூன்று வாரமாக.

"ரெண்டு அறை இருக்கறது அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அண்ணி எதையோ தட்டிப் பார்த்தார். "ஒரே மாதிரி ரெண்டு இருக்கவும், தளம் தப்பா ரெண்டு தடவை காட்டுதுன்னு நினைச்சு, தன்னோட திரையில மட்டும் ஒண்ணைத் தெரியாம மறைச்சு வச்சிருக்காங்க. சுத்தமா வச்சுக்கறவங்கதானே. மறைச்சது உண்மையான அறையை." பயிற்சி அறையின் தலைப்பைக் காட்டி, "சிவப்புல எழுதியிருந்தா இது நடந்திருக்காது" என்றார்.

உடனே ஆசிரியையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அணைத்து வைத்திருந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதே கதை. நாளைக் காலைக்குப் பயந்து அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். "பேசாம எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளி விட்டுடுங்க. தளத்துல கோளாறுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரும் அடிபடாது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? கோளாறுன்னு சொன்னா, மூணு வாரமா கவனிக்கலியான்னு அவங்களைத்தான் கேப்பாங்க. அவங்க அறையில அவங்களைக் கேக்காம நான் கை வைக்க மாட்டேன்."

நாத்தனார் நல்லது சொன்னால் எந்த அண்ணி கேட்டிருக்கிறாள்?

மறுநாள் காலை ஆசிரியை கடைசி நிமிஷத்தில்தான் வந்து சேர்ந்தார். நடந்துகொண்டே அண்ணியைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. அதற்குள் தலைவர் அழைத்துவிட்டார். புகார்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை என்பதால் நானும் உள்ளே போனேன். அண்ணியை யாரும் அழைக்கவில்லை. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

தலைவர் கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. மின்னஞ்சலைக்கூடத் தாளில் அச்செடுத்துத்தான் படிப்பார். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். அதை இறக்கி என் தாள்களைப் புரட்டினார்.

"நாப்பது பேர். பகல் முழுக்க உழைச்சுட்டு வந்து படிக்கிறவங்க. மூணு வாரமா ஒரு பாடம்கூட இல்லன்னு எழுதியிருக்காங்க. என்னம்மா சொல்றீங்க?"

ஆசிரியை திகைத்துப் போனார். "பாடம் இல்லையா? நடத்தற விதம் பிடிக்கலன்னு சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன் சார். நான் தினமும் எடுத்தேன். அவங்கதான் வரல. ஒரே ஒருத்தர்தான் வந்துட்டிருந்தாங்க."

"இது என்ன புதுக் கதை?"

"சார்," என்று அண்ணி முன்னால் போனார். "அவங்க சொல்றதும் நெசம், பிள்ளைங்க சொல்றதும் நெசம். தப்பு என்னோடது." இரண்டு அறைக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னார்.

தலைவர் கேட்டார்: "பயிற்சி அறைக்குச் சிவப்புல எழுதணும்னு விதி இருக்கே?"

"இருக்கு சார். நான் எழுதல."

"ஏன்?"

"சிவப்பைப் பார்த்தா யாரும் மனசு வச்சுச் செய்யறதில்ல சார். நீங்களே 'அ ஆ'ன்னு அடிச்சுட்டு எழுந்து போயிட்டீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். "யாரும் பார்க்காத அறையில பாடம் இருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்பறது? போடுங்க ஒண்ணை" என்றார்.

அண்ணி மடிக்கணினியைத் திருப்பி வைத்து, நடுவிலிருந்து ஏதோ ஒரு பாடத்தைத் தட்டினார். படம் ஓடியது. சத்தம் வரவில்லை. வழக்கம் போல மூடி வைத்திருந்தார். சத்தத்தைத் திறந்தார். திரையில் ஆசிரியை, பின்னால் துணி அலமாரி. குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வணக்கம். நேத்துப் பாடத்தைப் பார்த்தவர் ஒருத்தர்னு போட்டிருக்கு. அதுக்கு முந்தின பாடத்தையும் ஒருத்தர். தினமும் காலையில வந்து கடைசி வரைக்கும் பார்த்துட்டுப் போறது நீங்கதான்னு நினைக்கறேன். யாருன்னு தெரியல. போன வாரமே விட்டுடலாம்னு இருந்தேன். நீங்க வர்றதால எடுக்கறேன். புரியலன்னா கேளுங்க. கேக்கலன்னாலும் பரவாயில்ல, வந்தா போதும். சரி, இன்னைக்கு..."

ஆசிரியை எட்டி அதை நிறுத்திவிட்டார். காது வரை சிவந்திருந்தது. "மன்னிச்சுக்குங்க சார். பாடத்துல இதெல்லாம் பேசியிருக்கக் கூடாது." பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, ஆசையாகக் கேட்டார்: "அக்கா, அந்த ஒருத்தர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அவங்க பேரு என்னக்கா?"

அண்ணியின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பாடத்தை அவர் ஏற்கனவே கடைசி வரை பார்த்தவர். அந்த உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தவர். தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"நான்தாம்மா," என்றார். "படம் சரியா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்கறதுக்கு ஒரு பொய் மாணவர் கணக்கு இருக்கு. அதுல வர்றது நான்தான்."

"நீங்களா?" என்றார் ஆசிரியை. "பரவாயில்லக்கா. நீங்களாவது எல்லாத்தையும் கேட்டீங்களே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

"இல்லம்மா. சத்தத்தை மூடிட்டுத்தான் பாப்பேன். ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஊதியவர் முகத்தை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். ஆசிரியை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்ததும் பார்த்தால் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீரும் நிற்கிறது.

"ஒரே ஒருத்தரை வச்சு எந்த முடிவுக்கும் வரக் கூடாதுன்னு முதல் பாடத்துல நான்தான் சார் சொன்னேன். சொல்லிட்டு, அந்த ஒருத்தரை வச்சே மூணு வாரம் ஓட்டியிருக்கேன்."

தலைவரும் புள்ளியியல்காரர்தான். உதட்டோரம் ஏதோ அசைந்தது, உடனே அடக்கிக்கொண்டார். தயாராக வைத்திருந்த தாளைத் தட்டிக் காட்டினார். "பெட்டிக்குள்ள பாடம் இருந்தா வகுப்பு நடந்ததா ஆகாது. பிள்ளைங்களுக்குத் திறந்து விடுங்க. இது சாயங்காலம் வரைக்கும் என் மேஜையில இருக்கும். அதுக்குள்ள வகுப்பு நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா அனுப்பிடுவேன்."

அண்ணியின் அறைக்கு ஓடினோம். ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த இடத்தைத் தட்டினால் பாடங்கள் அந்தப் பக்கம் போகும் என்று தேடுகிறார், தேடுகிறார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கை தொடைக்கு அடியில்.

"அண்ணி! தலை போற நேரத்துலயுமா? வாங்கி அமுக்கித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

"அவங்க வகுப்பு. அவங்கதான் கொண்டு போகணும்," என்றார். "மேல பாருங்கம்மா. வலது பக்கம். அதேதான்." குரல் நடுங்கியது. அதைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாடங்கள் ஒவ்வொன்றாக உண்மையான அறைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆசிரியை பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதினார். தப்பான அறையில் நின்று பாடம் நடத்திவிட்டேன், எல்லாம் இங்கே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அண்ணி தன் பங்குக்கு, அறைகளுக்குப் பெயர் வைத்தது நான், தப்பு என்னுடையது என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அப்புறம் காத்திருந்தோம்.

பகல் வேளை. எல்லோரும் வேலையில் இருப்பார்கள். 'பார்த்தவர்: 0' என்று இருந்தது அப்படியே இருந்தது. நான் என் பிரிவுக்குப் போய்ப் போய் வந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் அது 3 ஆனது, 9 ஆனது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆசிரியை நகத்தைக் கடித்தார். "சத்தத்தை மூடிட்டுப் பாக்கறாங்களோ என்னவோ" என்றார். அண்ணியைக் குத்துவதற்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அண்ணிக்குக் குத்தியது.

வெயில் இறங்கியது. தலைவர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் நெருங்கியது. எனக்கு அந்த அறையில் இருப்புக்கொள்ளவில்லை. ஆசிரியை வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவரை நாலு பேரிடம் நானும் குறை சொல்லியிருந்தேன், அது வேறு உறுத்தியது. அப்போதுதான் திரையில் முதல் செய்தி வந்து விழுந்தது. யாரோ ஒரு மாணவர், வேலைக்கு நடுவில் அவசரமாக எழுதியது போலிருந்தது.

'மேடம், நடு எண்ணை எடுக்கும் முன் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும் என்று இரண்டாம் பாடத்தில் சொன்னீர்கள். மூன்றாம் பாடத்தில் ஐந்து பேர் காத்திருந்த நிமிடங்களை 4, 8, 2, 3, 3 என்று எழுதி, அடுக்காமலே நடுவில் இருந்த 2 என்று சொல்லிவிட்டீர்கள். 3 தானே வர வேண்டும்?'

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். போச்சு. முதல் செய்தியே குற்றச்சாட்டு. இதைத் தலைவர் பார்த்தால் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

ஆசிரியை திரைக்கு மிக அருகில் போய்ப் படித்தார். உதடு அசைய மறுபடி படித்தார். நாற்காலி பின்னால் சரிய எழுந்தார்.

"தப்பாம்க்கா!" என்று கத்தினார். "நான் தப்பா சொல்லிட்டேனாம்! ஆமா, அடுக்கவே இல்ல! ரெண்டாவது பாடத்தையும் கேட்டிருக்கார், மூணாவதையும் கேட்டிருக்கார், ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கார்!" அண்ணியின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். பரிசு விழுந்தவர்கள்கூட இப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் இன்னொருவர், 'எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது' என்று எழுதினார். வேறொருவர், 'இல்லை, மேடம் சொன்னதுதான் சரி' என்று சண்டைக்கு வந்தார். நாலாவது ஆள் ஐந்து எண்களையும் அடுக்கிக் காட்டி அவர் வாயை அடைத்தார். ஐந்தாவது ஆள், இதெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று கேட்டார். எந்த வகுப்பிலும் அப்படி ஒருவர் உண்டு.

கதவருகே நிழல் ஆடியது. தலைவர். கையில் அந்தத் தாள், இன்னொரு கையில் யாரிடமோ சொல்லி அச்செடுத்து வாங்கிய மூன்று பக்கம், பிள்ளைகளின் சண்டை முழுவதும்.

"தப்பா சொல்லியிருக்கீங்க," என்றார்.

"ஆமா சார்."

"கண்டுபிடிச்சுட்டாங்க."

"ஆமா சார்."

"அப்போ வகுப்பு நடக்குது." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த பருவத்துக்கு வேற தாள் நாளைக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்." போகும்போது அண்ணியைப் பார்த்து, "சிவப்பு" என்றார்.

"இன்னைக்கே எழுதிடறேன் சார்."

ஆசிரியை உட்காரவில்லை. "அக்கா, அந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போய்த் திறக்கறதுக்குள்ள இதைத் திருத்திப் போடணும். இங்கயே பதிவு பண்ணிக்கட்டுமா? நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடாம இருப்பீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினோம். அவரே எல்லாவற்றையும் தட்டினார். ஒன்றைக்கூடத் தேடவில்லை.

"வணக்கம். நான் மூணாவது பாடத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்கள்ல ஒருத்தர் அதைப் பிடிச்சுட்டார்..." என்று ஆரம்பித்தார். ஒரு மனுஷி தன் தப்பை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் காணொளி இன்னும் தளத்தில் இருக்கிறது. நாற்பது பேரும் பார்த்திருக்கிறார்கள். கவனித்துக் கேட்டால், பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்கும். அது அண்ணி என்று நான் சொல்கிறேன். இல்லை, நாத்தனார்தான் என்று அண்ணி சொல்கிறார்.